ஜானகி மட்டும்தானா? குழாய் வழியே கேட்ட எண்பதுகள்

2 மே 2024

"எண்பதுகளில் பெண் குரல் என்றால் எஸ். ஜானகி ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் அவருக்கு நேரம் கிடைக்காதபோது வந்து பாடிவிட்டுப் போனவர்கள்."

நேற்று பின்னணிப் பாடகி உமா ரமணன் காலமான செய்தி வந்ததும் மன்னார்குடி வாசகர் ஒருவர் எழுதியது இது. காலையில் படித்தேன், அதிலிருந்து வேலை ஓடவில்லை.

எனக்கு நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம், மூணாறு தலைப்புக்குக் கிழக்கே. அப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் சுற்று வட்டாரத்தில் எங்கள் ஒலிபெருக்கிக் குழாய்தான் கட்டுவார்கள். 1980-இல் எனக்குப் பதின்மூன்று வயது. ரெக்கார்டு மாற்றுவதும் ஊசி மாற்றுவதும் என் பொறுப்பு. அந்தப் பத்து வருஷப் பாட்டும் என் விரல் வழியாகத்தான் ஊருக்குப் போனது. ஜானகியம்மா மேல் எனக்குள்ள பிரியம் யாருக்கும் குறைந்ததில்லை. ஆனால் இறந்து ஒரு நாள்கூட ஆகாத ஒருவரை "மற்றவர்கள்" என்ற சொல்லில் அடைப்பதை ஏற்க முடியவில்லை.

2 மே, இரவு

சரி, நிதானமாகச் சொல்கிறேன். "பூங்கதவே தாழ் திறவாய்" 1980, நிழல்கள். "ஆனந்த ராகம்" 1981, பன்னீர் புஷ்பங்கள். "பூபாளம் இசைக்கும்" 1982, தூறல் நின்னு போச்சு. "செவ்வரளி தோட்டத்திலே" 1983. "கஸ்தூரி மானே" 1984. வருஷத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் உமா ரமணன் பாடியவை ஐந்து பாட்டு. இவற்றில் எதை எடுத்துவிட்டு எண்பதுகளை நினைத்துப் பார்ப்பீர்கள்?

"ஆனந்த ராகம்" சிம்மேந்திரமத்யமம். அந்த ராகத்தில் கொஞ்சம் அழுத்தினாலும் அழுகை வந்துவிடும். உமா ரமணன் அழுத்தவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காதல் கதைக்கான பாட்டு அது. அந்த வயசின் சந்தோஷத்துக்குள் எங்கேயோ ஒரு பயம் இருக்குமே, அதை மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். சொல்லின் கடைசி எழுத்தைப் பட்டென்று முடிக்க மாட்டார், மூச்சோடு விடுவார். கிராமத்துப் பாட்டுக்கு மட்டும் அந்தக் குரல் பொருந்தாது, "மேகங்கருக்கையிலே" மாதிரிப் பாட்டுக்கு ஜானகிதான் வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

4 மே

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஜானி, 1980. ஸ்ரீதேவி அதில் பாடகியாக வருகிறார். மழையில் நின்று பாடும் "காற்றில் எந்தன் கீதம்" ஜானகி. "என் வானிலே", "ஒரு இனிய மனது" இரண்டும் ஜென்ஸி. ஒரே கதாநாயகி, அதுவும் பாடுவதையே தொழிலாகக் கொண்ட கதாபாத்திரம், அவளுக்கு இரண்டு பெண்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். "ஆசையக் காத்துல தூதுவிட்டு" எஸ்.பி. ஷைலஜா, அது தனி.

கொட்டகையில் உட்கார்ந்து பார்த்த யாருக்காவது குரல் மாறியது உறுத்தியதா? எனக்கு உறுத்தவில்லை. இளையராஜா ஆளுக்குப் பாட்டு பார்க்கவில்லை, பாட்டுக்கு ஆள் பார்த்தார். மழையோடு போட்டி போட்டு உயர வேண்டிய பாட்டுக்கு ஜானகி. தனக்குள்ளேயே முணுமுணுக்கிற பாட்டுக்கு ஜென்ஸி. ஜானகிக்கு நேரம் கிடைக்காததால் ஜென்ஸி வந்தார் என்று சொல்கிறவர், "என் வானிலே"யை ஜானகி குரலில் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கட்டும். ஜானகி பாடினால் அதுவும் அருமையாக இருக்கும், ஆனால் அது வேறு பாட்டாக இருக்கும்.

5 மே

திருத்தம். வைதேகி காத்திருந்தாள் படத்தின் "மேகங்கருக்கையிலே" ஜானகி என்று இரண்டாம் தேதி எழுதிவிட்டேன். குத்தாலத்திலிருந்து ஓர் அம்மா சுட்டிக்காட்டியிருக்கிறார். அதைப் பாடியது இளையராஜாவும் உமா ரமணனும். அவருக்காக வாதாடப் போன நானே அவருடைய பாட்டை எடுத்து ஜானகி கையில் கொடுத்திருக்கிறேன். கிராமத்துப் பாட்டுக்கு அவர் குரல் பொருந்தாது என்று எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன்.

11 மே

கும்பகோணத்து அன்பர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: "அப்போதெல்லாம் இரண்டு ஊர் தள்ளிக் கல்யாணம் நடந்தாலும் பாட்டு கேட்குமே, அதிலும் பெண் குரல்தான் தெளிவாக வரும், ஏன்?"

இது எனக்குத் தெரிந்த விஷயம். கூம்புக் குழாயில் அடித்தொனி நிற்காது. டிரம், பேஸ் கிடார் எல்லாம் பந்தலைத் தாண்டாது. நடுத்தொனியும் அதற்குக் கொஞ்சம் மேலேயும்தான் குழாய் தள்ளும். பெண் குரலும் புல்லாங்குழலும் நாதஸ்வரமும் இருக்கும் இடம் அது. அதனால் பக்கத்து ஊர்க்காரருக்கு வாத்தியமெல்லாம் உதிர்ந்துபோய்க் குரல் மட்டும் வந்து சேரும்.

இன்னொன்று விடியற்காலை. நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும்போது தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும், மேலே வெதுவெதுப்பு. மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழேயே திரும்பி வரும். இடையில் மலையோ காடோ இல்லாத நாடு நம்முடையது. நாலரை மணிக்கு முகூர்த்த வீட்டில் பாட்டு போட்டால் வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கம் எழுந்துவிடுவார்கள். பகல் பன்னிரண்டுக்கு அதே சத்தம் வைத்தாலும் அதில் கால்வாசிகூடப் போகாது.

அப்பா இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் குழாயை மேற்கே பார்த்துக் கட்டுவதா கிழக்கே பார்த்துக் கட்டுவதா என்று துண்டை உயர்த்திக் காற்று பார்த்துவிட்டுத்தான் பூவரச மரத்தில் ஆளை ஏற்றுவார். காலையில் முதல் ரெக்கார்டு சீர்காழியாரின் பிள்ளையார் பாட்டு. அப்புறம் சூலமங்கலம் சகோதரிகள். அதற்குப் பிறகுதான் சினிமா.

12 மே

நேற்று எழுதியதைப் படுத்துக்கொண்டு யோசித்தேன். வாத்தியம் உதிர்ந்து, சொல்லும் பாதி உதிர்ந்து, ஒரு பெண் குரல் மட்டும் வயல் தாண்டி வருகிறது. யார் பாடுகிறார்கள் என்று கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்த பெயரைச் சொல்லிவிடுவார். தெரிந்த பெயர் ஜானகி.

பெயர் தெரிய மூன்று வழி இருந்தது. ஒன்று ரேடியோ. இலங்கை வானொலி இந்தக் கரைக்கு அடுத்த வீட்டுப் பேச்சு மாதிரி கேட்கும். படம், பாடியவர், எழுதியவர், இசை என்று முழுதாகச் சொல்லித்தான் பாட்டைப் போடுவார்கள். இரண்டு, ரெக்கார்டு. அட்டையிலும் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்திலும் பெயர் அச்சாகியிருக்கும். 45 சுற்று ரெக்கார்டு என்றால் பக்கத்துக்கு இரண்டு பாட்டு, பாட்டுக்குக் கீழே பாடியவர் பெயர். மூன்று, படத்தின் எழுத்து ஓடும்போது. அதை யாரும் பார்த்ததில்லை, அப்போதுதான் ஆட்கள் மணலைக் குவித்து இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு கேசட் வந்தது. இந்தப் பெயர்கள் காணாமல் போனதற்குக் கேசட்தான் காரணம் என்று நினைக்கிறேன். கம்பெனிக் கேசட்டை அல்ல, நாங்கள் பதிந்து கொடுத்த கேசட்டைச் சொல்கிறேன். இதைப் பற்றிப் பிறகு எழுத வேண்டும். எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

19 மே

அலைகள் ஓய்வதில்லை, 1981. இந்தப் படத்தையும் பாருங்கள். "ஆயிரம் தாமரை மொட்டுகளே" ஜானகி. "காதல் ஓவியம்" ஜென்ஸி. "விழியில் விழுந்து" பி.எஸ். சசிரேகா. ஒரே ரெக்கார்டில் மூன்று பெண்கள்.

அதில் "புத்தம் புது காலை"யும் உண்டு, ஜானகி தனியாகப் பாடியது. ரெக்கார்டில் இருந்தது, படத்தில் இல்லை. இதனால் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. படம் நீடாமங்கலம் வருவதற்கு முன்பே ஊரில் அந்தப் பாட்டு பிரபலம், ஏனென்றால் அப்பா தினமும் காலையில் போட்டார். அந்தப் பாட்டைப் பார்ப்பதற்கென்றே தெருப் பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள். பாட்டே வரவில்லை. "கொட்டகைக்காரன் ரீலை வெட்டிட்டான்" என்று திரும்பி வரும் வழியெல்லாம் பேச்சு. அடுத்த நாள் இரண்டு பேர் அப்பாவிடமே வந்து "நீங்க எந்தப் படத்துப் பாட்ட இந்தப் படம்னு சொன்னீங்க?" என்று கேட்டார்கள். அப்பா அட்டையை எடுத்து நீட்டினார்.

காட்சியே இல்லாத பாட்டு ஓர் ஊரையே வண்டி கட்ட வைத்தது. அதற்கு ஜானகி வேண்டும். அந்தப் பெருமையை நான் குறைக்கவே மாட்டேன்.

2 ஜூன்

ஒரு மாதமாக ஜானகிக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருப்பது போல எனக்கே படுகிறது. அது என் எண்ணம் இல்லை. ஆகவே இன்று அவரைப் பற்றி.

பிறந்தது 1938, ஆந்திராவின் குண்டூர் மாவட்டம். தமிழில் முதல் படம் 1957. "செந்தூரப் பூவே"க்காகத் தேசிய விருது வாங்கிய 16 வயதினிலே வந்தபோது அவருக்கு முப்பத்தொன்பது வயது. பதினாறு வயதுப் பெண்ணின் கனவை முப்பத்தொன்பதில் பாடுகிறார். எண்பதுகள் முழுக்க நாம் கேட்ட அந்தக் கன்னிப்பெண் குரல் நாற்பதைத் தாண்டிய ஒரு தாயின் குரல். குழந்தைக் குரல் வேண்டுமா, கிழவிக் குரல் வேண்டுமா, எல்லாம் அந்த ஒரே தொண்டையில் இருந்தது. ஆனால் மைக் முன் நிற்கும்போது கையும் அசையாது, முகமும் மாறாது. சிரிப்பும் விம்மலும் எல்லாம் உள்ளே எங்கோ நடந்து, சத்தமாக மட்டும் வெளியே வரும். நான்கு தேசிய விருது, மூன்று மொழிகளில். 2013-இல் பத்மபூஷண் அறிவித்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

காவிரிக் கரைக்காரனாக எனக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. 1962-இல் "சிங்கார வேலனே தேவா". எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம். அதில் ஜானகியின் குரலோடு வரும் நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம். அவர் நெல்லைப் பக்கத்துக்காரர்தான், ஆனால் யாரிடம் கற்றார்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம். அந்த நாதஸ்வரத்தில் வேகமாக உருளும் பிருகா ஒவ்வொன்றையும் குரலில் திருப்பிக் கொடுக்கிறார் ஜானகி. எங்கள் பக்கத்து நாதஸ்வரக்காரர்கள் அந்த ரெக்கார்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்பார்கள். பந்தலில் வாசிக்க வந்தவர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கேட்ட பாட்டு அது.

ஆகவே மன்னார்குடிக்காரரே, ஜானகி பெரியவர் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. அவர் நின்றால் பக்கத்தில் வேறு யாரும் இருக்க முடியாது என்கிறீர்களே, அதில்தான்.

12 ஜூன்

இன்று மேட்டூர் திறக்கவில்லை, அணையில் தண்ணீர் இல்லை. குறுவை போடலாமா வேண்டாமா என்ற பேச்சுதான் டீக்கடையில். யாருக்கும் பாட்டில் மனசு இல்லை. எனக்கும் இல்லை.

23 ஜூன்

விட்ட இடத்திலிருந்து. "வாணி ஜெயராமை ஏன் சொல்லவில்லை" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வேலூரில் பிறந்தவர், ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தவர், இந்தியில் 1971-இலேயே பேர் வாங்கிவிட்டுத் தமிழுக்கு வந்தவர். 1974-இல் "மல்லிகை என் மன்னன் மயங்கும்" வந்தபோது தமிழ்நாடே தலைநிமிர்ந்து கேட்டது. அதனால் அவரை எழுபதுகளின் கணக்கில்தான் வைத்திருந்தேன். ஆனால் 1981-இல் "மேகமே மேகமே", 1986-இல் "கவிதை கேளுங்கள்". கணக்கை மாற்றிக்கொள்கிறேன். அந்தக் குரலில் கத்தியால் கீறியது போல ஒரு நேர்க்கோடு இருக்கும், ஸ்வரம் ஒரு இழை விலகாது. 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள், பிப்ரவரி 4-ஆம் தேதி போய்விட்டார்.

ஜென்ஸி கேரளத்தில் இசை ஆசிரியை. ரயிலேறி வந்து பாடிவிட்டுப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் திரும்பிவிடுவார் என்று அப்போதே பேசிக்கொள்வார்கள். 1978-இல் தொடங்கி நாலைந்து வருஷம்தான், வேலைதான் முக்கியம் என்று நின்றுவிட்டார். "ஆயிரம் மலர்களே", "தெய்வீக ராகம்", "மீன்கொடித் தேரில்". எண்ணிக்கையில் கொஞ்சம். ஆனால் இந்தப் பாட்டுகளைக் கேட்டால் இப்போதும் எனக்குப் பள்ளிக்கூட வராந்தா ஞாபகம் வருகிறது, ஏனென்று தெரியவில்லை.

சுசீலாம்மாவைப் பற்றி எழுதினால் அது தனி. 1968-இன் படங்களுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருதை முதன்முதலில் கொடுத்தபோது வாங்கியவரே அவர்தான், "நாளை இந்த வேளை பார்த்து" பாட்டுக்கு. எண்பதுகளில் அவருக்குப் பாட்டு குறைந்தது உண்மை. 1990-இல் "கற்பூர பொம்மை ஒன்று" பாடியபோது அந்தக் குறை தெரிந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

7 ஜூலை

கேசட் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

1986-இல் அப்பா எனக்கு நீடாமங்கலம் கடைத்தெருவில் ரெக்கார்டிங் சென்டர் வைத்துக் கொடுத்தார். ஆறடிக்கு எட்டடி. ஒரு டபுள் டெக், ஒரு ரெக்கார்டு பிளேயர், சுவர் முழுக்க அட்டை. ஆட்கள் வெள்ளைத்தாளில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள், அறுபது நிமிஷக் கேசட்டா தொண்ணூறா என்று சொல்லிவிட்டுப் போவார்கள், மறுநாள் வாங்கிக்கொள்வார்கள். கேசட்டுக்குள் செருகும் அட்டையில் பாட்டின் முதல் வரியையும் பாடியவர் பெயரையும் நான் எழுத வேண்டும்.

ஒரு நாளைக்கு இருபது கேசட். ஆண் குரல் என்றால் எஸ்.பி.பி. அல்லது ஜேசுதாஸ், அதைப் பார்த்து எழுதிவிடுவேன். பெண் குரல் என்றால் பாதி நேரம் பார்க்காமலேயே "ஜானகி". மக்களும் "ஜானகி பாட்டு தொண்ணூறு போடுங்க" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேசட்டில் உமா ரமணனும் சசிரேகாவும் ஷைலஜாவும் இருப்பார்கள். மேலே சிவப்பு மையில் என் கையெழுத்தில் "எஸ். ஜானகி ஹிட்ஸ்". நீடாமங்கலம், கொரடாச்சேரி, வலங்கைமான், கூத்தாநல்லூர் என்று எத்தனை நூறு வீட்டுக்கு அது போயிருக்கும்! மே ஐந்தாம் தேதித் திருத்தத்தை எழுதும்போது இதுதான் தொண்டையில் நின்றது. அந்தப் பிழை எனக்கு எங்கிருந்தோ வரவில்லை.

கூத்தாநல்லூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். கணவர் சவூதியில். முக்காட்டைச் சரிசெய்தபடியே ஒரு தாளை நீட்டினார். "தம்பி, உமா ரமணன் மட்டும் வேணும். அறுபது. பி பக்கத்துல கடைசி பத்து நிமிஷம் வெறுமனே விட்டுடுங்க."

நான் உமா ரமணன் ரெக்கார்டுகளைத் தேடினேன். கையில் இருந்தவை ஐம்பது நிமிஷத்துக்குப் போதவில்லை. மூன்று ஜானகி பாட்டு சேர்த்தேன். கடைசியில் பத்து நிமிஷத்தை வீணாக விடுவானேன், காசு கொடுக்கிறவர்தானே என்று இன்னும் இரண்டு பாட்டும் போட்டு நிரப்பிவிட்டேன். அட்டையில் என் வழக்கப்படி எழுதினேன்.

இரண்டு நாளில் திரும்பி வந்தார். கோபப்படவில்லை. அட்டையை எடுத்துக் காட்டினார். பென்சிலால் ஐந்து பாட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு. "இந்த அஞ்சும் அவங்க இல்ல தம்பி." ஐந்தும் சரி. ரெக்கார்டு அட்டை பார்க்காமல், வீட்டில் ஒரு சின்ன டேப்பில் கேட்டுச் சொல்கிறார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பத்து நிமிஷம் நான் பேசறதுக்குத் தம்பி" என்றார்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட் போகும். ஊருக்குத் திரும்பும் யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அவர் முன்னாலேயே அந்தப் பத்து நிமிஷத்தை அழித்தேன். மைக்கைக் கழற்றிவிட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தினால் நாடா வெறுமையாகிவிடும். பத்து நிமிஷமும் கடை வாசலில் நின்றார். நானும் பேசவில்லை. சக்கரம் மட்டும் சுற்றியது. மூன்று ஜானகி பாட்டின் இடத்தில் "செவ்வரளி"யையும் "ஆனந்த ராக"த்தையும் இரண்டாவது தடவை வைக்கட்டுமா என்று கேட்டேன். "வைங்க, அவருக்கும் அதான் புடிக்கும்" என்றார்.

8 ஜூலை

நேற்று எழுதியதற்கு நிறையப் பேர் தங்கள் வீட்டுக் கேசட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முத்துப்பேட்டைக்காரர் ஒருவர், அம்மா பேசிய கேசட் இன்னும் இருக்கிறது, ஓட்டினால் அறுந்துவிடுமோ என்று ஓட்டவில்லை என்கிறார். ஐயா, அதை ஓட்டாதீர்கள். திருச்சியிலோ சென்னையிலோ பழைய நாடாவைக் கணினிக்கு மாற்றித் தரும் ஆளைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றி வாங்குங்கள். ஒரு தடவைதான் ஓட்டலாம் என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

21 ஜூலை

"சித்ரா வந்ததோடு இந்தச் சண்டை முடிந்தது" என்கிறார் கும்பகோணத்து அன்பர். முடிந்ததோ இல்லையோ, 1985-இல் கதை மாறியது. பூவே பூச்சூடவாவில் "சின்னக்குயில் பாடும் பாட்டு", அதே வருஷம் சிந்து பைரவியில் "பாடறியேன் படிப்பறியேன்". அந்தப் பாட்டுக்குத் தேசிய விருது. சித்ராவுக்கு அப்போது இருபத்திரண்டு.

"பாடறியேன்" எங்கள் பக்கத்தில் வேறு மாதிரி கேட்கப்பட்ட பாட்டு. நாட்டுப்பாட்டாகத் தொடங்கி, கடைசியில் தியாகராஜரின் "மரி மரி நின்னே"யில் போய் முடிகிறது. மூலம் காம்போஜி ராகம், இளையராஜா அதைச் சாரமதி ராகத்தில் வைத்தார். படத்தில் பெரிய வித்வானின் சபையில் ஒரு பெண் எழுந்து பாடுகிறாள். திருவையாற்றுக்கு நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறவனுக்கு இந்தக் காட்சி சினிமா மட்டும் இல்லை. தியாகராஜர் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தபோது தன் நகையையும் சொத்தையும் போட்டு அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கே வருஷந்தோறும் நடக்கும் தியாகராஜர் ஆராதனையிலேயே பெண்கள் பாடக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்து, பல வருஷம் போராடித்தான் எல்லோரும் ஒன்றாக உட்கார முடிந்தது. 1952-இல் மறைந்தார். இன்றும் சமாதியைப் பார்த்தபடி அவர் சிலை கைகூப்பி உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த இரவு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு நல்ல குரல். பாட்டு வகுப்புக்கு அனுப்பவில்லை.

29 ஜூலை

மேட்டூர் நேற்று திறந்தாயிற்று. கர்நாடகத்தில் பெய்த மழை, ஒரே மாதத்தில் அணை நிரம்பப் போகிறது. குறுவை போய்விட்டது, சம்பாவாவது நிற்கும்.

ஆடி மாதம் என்பதால் எல்.ஆர். ஈஸ்வரியைச் சொல்லாமல் போக முடியாது. அவர் எண்பதுகளின் சினிமாப் பட்டியலில் இல்லை, தெரியும். ஆனால் எண்பதுகளில் நாங்கள் ஆடியில் போட்டது வேறு என்ன? "செல்லாத்தா"வும் "கற்பூர நாயகியே"வும். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் பாடாமல் எங்கள் பக்கம் எந்த மாரியம்மனுக்கும் கஞ்சி காய்ச்சியதில்லை. வலங்கைமான் பாடைக்காவடித் திருவிழாவுக்கு நாங்கள் குழாய் கட்டிய வருஷங்களில் ரெக்கார்டு தேய்ந்து, இரண்டாவது பிரதி வாங்கியது அவருக்கு மட்டும்தான்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. பாபநாசத்திலிருந்து அக்கா வந்திருக்கிறாள். இந்த மூன்று மாதம் எழுதியதை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். கூத்தாநல்லூர் அக்கா பற்றிப் படித்தபோது எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

மே நான்காம் தேதிக் குறிப்பு வந்ததும் நிறுத்தினாள். "ஒரு இனிய மனது ஜென்ஸி இல்லடா. சுஜாதா." நான் மறுத்தேன். அப்பாவின் ரெக்கார்டுகளை 1994-இல் எடைக்குப் போட்டுவிட்டோம், அட்டை காட்டி முடிக்க வழி இல்லை. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காதில் மாட்டிக் கேட்டேன். அக்கா சொன்னது சரி. அப்போது சுஜாதாவுக்குப் பதினேழு வயது. ஜானியில் ஸ்ரீதேவிக்கு மட்டும் மூன்று குரல், ஷைலஜாவோடு சேர்த்தால் படத்தில் நான்கு பெண்கள். நான்காம் தேதி எழுதியதை இப்படித் திருத்திப் படிக்கவும்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "நீ குழாய்ல கேட்ட. நான் கூடவே பாடிப் பாத்தேன். ஜென்ஸி கூடப் பாடினா மூச்சு சரியா இருக்கும். இதுல எனக்கு மூச்சு பத்தாது."

9 ஆகஸ்ட்

ஆடி வெள்ளி. மைக் செட் இப்போது அண்ணன் மகன் கையில். கூம்புக் குழாய் இல்லை, பெரிய பெட்டிகள். பாட்டெல்லாம் ஒரு பென்டிரைவில். போன வாரம் அதை வாங்கிக் கணினியில் திறந்தேன். "ட்ராக் 01", "ஜானகி மெலடி 2", "ஓல்டு லேடி சாங்". நான் 1986-இல் செய்ததேதான்.

ஆறு நாளாக ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். படம், வருஷம், பாடியவர். இருநூற்றுப் பதினான்கு பாட்டு முடிந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் அக்காவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்துப் போட்டுக் காட்டுகிறேன், முதல் வரி முடிவதற்குள் சொல்லிவிடுகிறாள். அண்ணன் மகனிடம் ஒன்று கேட்டேன், ஒத்துக்கொண்டான். இன்று கோயிலில் ஈஸ்வரியம்மா பாட்டு முடிந்து சினிமாப் பாட்டு தொடங்கும்போது, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மைக்கில் பெயர் சொல்லிப் போடப்போகிறான். வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கிறது, சாயங்காலம் காற்றும் மேற்கேயிருந்துதான்.

முதல் பாட்டு "மேகங்கருக்கையிலே". அறிவிப்பை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.